ஏழு மாதம் சொல்லப்படாத பெயர்: பிள்ளையை இழந்த ஒரு குடும்பம் பேசத் தொடங்கியது குறித்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

இறந்தது 9 வயதுச் சிறுவன். காய்ச்சல், வாந்தி, வயிற்றுவலி என்று மூன்று நாள் படுத்திருந்தான். இரண்டாம் நாள் மருத்துவரிடம் காட்டினார்கள். வைரஸ் காய்ச்சல் என்று மருந்து கொடுத்து அனுப்பினார். மூன்றாம் நாள் இரவு கழிப்பறைக்குப் போகிற வழியில் மயங்கி விழுந்தான். தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்த 30 மணி நேரத்துக்குள் உயிர் போய்விட்டது. வைரஸ் தொற்றைத் தொடர்ந்து வந்த இதயத் தசை அழற்சி என்று பதிவானது.

வீட்டில் தாய் (36), தந்தை (40), தங்கை (அப்போது 6 வயது), தாத்தா (71, தந்தையின் தந்தை). யாருக்கும் அதற்கு முன் மனநலச் சிகிச்சை தேவைப்பட்டதில்லை. கணவன் மனைவிக்குள் சொல்லும்படியான பூசலும் இருந்ததில்லை. அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்கள் இங்கே மாற்றப்பட்டுள்ளன.

முதல் வாரத்திலேயே தாத்தா ஒரு விதி போட்டார்: "இனிமே அவனைப் பத்தி இந்த வீட்ல யாரும் பேச வேண்டாம். பேசினா ரெண்டு பேரும் எந்திரிக்கவே மாட்டீங்க." மகனும் மருமகளும் சாப்பிடாமல் கிடந்ததைக் கண்ணால் பார்த்தவர் சொன்னது அது. அக்கறையில் வந்த விதி என்பதால்தான் ஏழு மாதம் யாராலும் அதை மீற முடியவில்லை.

ஆலோசனைக்கு வந்த காரணம்

பெற்றோர் தங்கள் துக்கத்துக்காக வரவில்லை. தங்கைக்காக வந்தார்கள்.

அவளுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். வீட்டில் யாருக்கும் தெரியாது. தெர்மாமீட்டரை எடுத்துப் புத்தகப் பைக்குள் மறைத்துவிட்டாள். அம்மா தொட வந்தால் விலகிக்கொண்டாள். வகுப்பில் ஆசிரியை தற்செயலாகக் கையைப் பிடித்தபோது சூடு தெரிந்தது. "வீட்ல சொல்லாதீங்க மிஸ்" என்று அழுதிருக்கிறாள். ஆசிரியை வீட்டுக்குச் சொல்ல, குடும்ப மருத்துவர் ஆலோசனைக்கு அனுப்பினார்.

முதல் சந்திப்புகளில் கண்டவை

முதல் சந்திப்பில் நால்வரையும் ஒரே அறையில் உட்காரவைத்தோம். அது தவறு. ஒன்றரை மணி நேரமும் தந்தையே பதில் சொன்னார், தாய் தலையசைத்தார், தாத்தா கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர் குறிப்புகளைப் படித்தபோது ஒன்று உறைத்தது. "அந்தச் சம்பவம்", "அது நடந்தப்புறம்", "பெரியவன்" என்றெல்லாம் பேச்சு ஓடியதே தவிர, சிறுவனின் பெயரை யாரும் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. நாங்களும் சொல்லவில்லை. வீட்டின் விதியை ஆலோசனை அறையிலும் கடைப்பிடித்திருக்கிறோம்.

அடுத்த வாரம் தனித்தனியாகப் பார்த்தோம். பேசத் தொடங்கும் முன்பே பையனின் பெயரைச் சொல்லி, "அவன் எப்படிப்பட்ட பையன்?" என்று கேட்டோம். தாய் 40 நிமிடம் நிறுத்தாமல் பேசினார். ஏன் இதைக் கணவரிடம் பேசவில்லை என்றதற்கு, "அவர் கேட்டா உடைஞ்சுபோயிருவார்" என்றார். இரண்டு நாள் கழித்துத் தந்தை சொன்னது: "அவளே இப்பதான் கொஞ்சம் தேறி வர்றா. நான் வாயைத் திறந்து அதைக் கெடுக்கவா?" அலுவலகத்திலிருந்து வந்ததும் வண்டியை நிறுத்திவிட்டு இருபது நிமிடம் இருட்டில் நின்று அழுது, முகம் கழுவிக்கொண்டுதான் வீட்டுக்குள் போவார். தாய்க்கு அது தெரியாது. தேறிவிட்டார் என்று ஒருவரை ஒருவர் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

தாயின் கைபேசியில் காலை 6.10க்கு ஓர் அலாரம். மகனின் பெயரும் "எழுப்பு" என்ற சொல்லும் திரையில் வரும். பள்ளிக்கூடத்துக்காக வைத்தது, அழிக்க அவருக்கு மனம் வரவில்லை. தினமும் அடிக்கும். தந்தை கையை நீட்டி நிறுத்துவார். மனைவி தூங்குகிறார், அழிக்க மறந்துவிட்டார் என்பது அவர் எண்ணம். தாய் கண்ணை மூடிக்கொண்டு விழித்துத்தான் கிடப்பார். திரையைப் பார்க்காமலே கணவர் நிறுத்துகிறார் என்பது இவர் எண்ணம். ஏறத்தாழ 200 காலைகள் இப்படிப் போயின.

துணைக்காகத் துக்கத்தை அடக்கிக்கொள்வதை ஆய்வாளர்கள் அளந்தும் பார்த்திருக்கிறார்கள். நெதர்லாந்தில் பிள்ளையை இழந்த 219 தம்பதிகளை இழப்புக்குப் பின் 6, 13, 20 மாதங்களில் சந்தித்து, 2013இல் வெளியிட்ட ஆய்வு அது. துணையைக் காப்பதற்காக அடக்கிக்கொண்டவரின் துக்கம் மட்டுமல்ல, யாருக்காக அடக்கினாரோ அவருடைய துக்கமும் கூடியிருந்தது. இந்தத் தம்பதியிடம் பின்னர் நாங்கள் எடுத்துச்சொன்ன ஆய்வு இது ஒன்றுதான்.

தங்கை படம் வரைந்துகொண்டே பேசினாள். "எனக்கும் காய்ச்சல் வந்தா செத்துப்போயிருவேனா?" என்று தாத்தாவிடம் ஒருமுறை கேட்டிருக்கிறாள். "அதெல்லாம் பேசக் கூடாதும்மா" என்று பதில் வந்திருக்கிறது. அதன்பின் அவள் யாரிடமும் கேட்கவில்லை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் "அண்ணனுக்குக் காய்ச்சல் வந்தது, போயிட்டான்" என்ற ஒரே வாக்கியம். நான்காம் சந்திப்பில் இன்னொன்றும் வெளியே வந்தது. அண்ணன் படுத்த அன்று பென்சிலுக்காகச் சண்டை போட்டு, "நீ போயிரு" என்று சொல்லியிருக்கிறாள்.

மதிப்பீடு

முதலில் பார்த்தது உயிருக்கு ஆபத்து உண்டா என்பதை. டென்மார்க்கில் பிள்ளையை இழந்த பெற்றோரைத் தொடர்ந்து கவனித்து 2003இல் வெளியான ஆய்வில், அந்தத் தாய்மாரின் இறப்பு விகிதம் பிற தாய்மாரைவிட உயர்ந்திருந்தது. இயற்கையல்லாத காரணங்களால் நேர்ந்த இறப்பு முதல் மூன்று ஆண்டுகளில்தான் மிக அதிகம். எனவே சுற்றிவளைக்காமல் கேட்டோம்: "உயிரை விட்டுரலாம்னு தோணியிருக்கா? எப்படின்னு யோசிச்சிருக்கீங்களா?" இப்படிக் கேட்பது அந்த எண்ணத்தை விதைக்காது. கேட்காமல் விட்டால்தான் சொல்ல வழியில்லாமல் போகிறது. தாய் சொன்னார்: "சாகணும்னு இல்ல. காலைல எந்திரிக்காம இருந்தா நல்லா இருக்கும்னு தோணும்." திட்டமோ தயாரிப்போ இல்லை. இருந்தும் வீட்டிலிருந்த தூக்க மாத்திரைகளைத் தாத்தாவின் பொறுப்பில் வைத்தோம். இரவில் அந்த எண்ணம் வலுத்தால் முதலில் யாரை எழுப்புவது, அடுத்து யாருக்கு அழைப்பது என்று அவர் கையாலேயே எழுதவைத்தோம். மனநல மருத்துவர் ஒருவரும் பார்த்தார்.

மனச்சோர்வுக்கான பிஹெச்க்யூ-9 வினாத்தாளில் (மொத்தம் 27) தாய்க்கு 17, தந்தைக்கு 11. துக்கத்தை அளக்கும் 19 கேள்விப் பட்டியலில் (மொத்தம் 76, 25ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டும்) தாய்க்கு 41, தந்தைக்கு 34.

துக்கம் தணியாமல் நீண்டு அன்றாட வாழ்வையே முடக்கும் நிலையான நீடித்த துக்கக் கோளாறு என்று பெயர் சூட்டுவதா என்ற கேள்வி எழுந்தது. 2022இல் நடைமுறைக்கு வந்த, உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடான ஐசிடி-11 வரையறைப்படி இழப்புக்குப் பின் குறைந்தது 6 மாதம் போதும். அதே ஆண்டு வெளியான, அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடான டிஎஸ்எம்-5-டிஆர் பெரியவர்களுக்கு 12 மாதம் கேட்கிறது. ஏழு மாதத்தில் நாங்கள் பெயர் சூட்டவில்லை. இந்த வீட்டில் துக்கம் வெளியே வர வாய்ப்பே கிடைத்ததில்லை. வாய்ப்புக் கொடுத்துப் பார்க்காமல் அதை நோய் என்பது அவசரம். 12ஆம் மாதம் மறுபடி அளப்பது, எண்கள் இறங்காவிட்டால் இந்தக் கோளாறுக்கென்றே உள்ள 16 சந்திப்புச் சிகிச்சைக்கு அனுப்புவது என்று தேதி குறித்துவைத்தோம்.

துக்கத்துக்கு ஐந்து நிலைகள் உண்டு, அவற்றில் கடைசியான "ஏற்பு" தனக்கு வரவே இல்லை, எனவே தன்னிடம்தான் ஏதோ கோளாறு என்று தாய் நம்பியிருந்தார். அந்த ஐந்து நிலைகள் 1969இல் எழுதப்பட்டபோது, சாகும் தறுவாயில் இருந்த நோயாளிகளிடம் பேசியதை வைத்து எழுதப்பட்டவை என்று சொன்னோம். பிள்ளையை இழந்தவர் ஏறித் தீர வேண்டிய படிக்கட்டு அல்ல அது. அன்று அவர் விட்ட பெருமூச்சு சந்திப்புக் குறிப்பிலேயே பதிவாகியிருக்கிறது.

முதல் முடிவு: தங்கையிடம் உண்மையைச் சொல்வது

பெற்றோர் பேசப் பழகும்வரை தங்கையைக் காக்கவைக்க முடியாது. அதனால் அவளிடமிருந்தே தொடங்கினோம். இறந்தவர் திரும்பி வரமாட்டார், உடல் இயங்காது, எல்லாருக்கும் என்றோ இறப்பு உண்டு என்ற மூன்றும் பெரும்பாலான குழந்தைகளுக்கு 5 முதல் 7 வயதுக்குள் பிடிபட்டுவிடும். அவளுக்குப் பிடிபடாதது காரணம். மூடிவைத்த காரணத்தின் இடத்தில் காய்ச்சலையும் பென்சில் சண்டையையும் அவளே நிரப்பிக்கொண்டாள்.

எங்கள் வாயால் சொல்லாமல் பெற்றோர் வாயால் சொல்லவைத்தோம். இரண்டு முறை ஒத்திகை பார்த்தார்கள். இறுதியில் சொன்னது இது:

"அண்ணனுக்கு வந்தது உனக்கு வர்ற மாதிரி காய்ச்சல் இல்ல. ஒரு கிருமியால அவன் இதயம் ரொம்பப் பலவீனமாயிடுச்சு. டாக்டருங்க எவ்வளவோ பார்த்தாங்க, முடியல. இதயம் நின்னுபோச்சு, அண்ணன் இறந்துட்டான். இறந்தவங்களுக்கு வலிக்காது, பசிக்காது, குளிராது. அவங்க திரும்பி வரவும் மாட்டாங்க. இது ரொம்ப ரொம்ப அபூர்வமா வர்றது. நீ சொன்னதோ நினைச்சதோ எதுவும் இதுக்குக் காரணம் இல்ல. காய்ச்சல் வந்தா எங்ககிட்ட சொல்றது உன் வேலை. பார்த்துக்கிறது எங்க வேலை."

"இறந்துட்டான்" என்ற சொல்லைத் தவிர்க்கக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தோம். "தூங்கிட்டான்" என்றால் தூக்கம் பயமாகிறது. "போயிட்டான்" என்றால் ஏன் வரவில்லை என்ற கேள்வி மிஞ்சுகிறது. "உனக்கு ஒண்ணும் ஆகாது" என்ற உறுதிமொழியையும் வேண்டாம் என்றோம். யாராலும் அதைக் கொடுக்க முடியாது, ஒருமுறை பொய்த்தால் எதையும் நம்பமாட்டாள்.

அவள் அழவில்லை. கேட்டுவிட்டு, "அண்ணனோட ஷூ எனக்கு எப்ப சரியாகும்?" என்றாள். தாய் எழுந்து வெளியே போய்விட்டார். தந்தைதான் பதில் சொன்னார்: "இன்னும் ரெண்டு மூணு வருஷம் ஆகும்டா." மகனின் பொருள் ஒன்றைப் பற்றி ஏழு மாதத்தில் அவர் வாய்விட்டுப் பேசிய முதல் வாக்கியம் அது.

அடுத்த ஐந்து வாரத்தில் அதே கேள்விகளைப் பத்துப் பதினைந்து முறை திருப்பிக் கேட்டாள். புரியவில்லையோ என்று பெற்றோர் கலங்கினார்கள். பதில் மாறாமல் இருக்கிறதா என்று பார்ப்பது குழந்தைகளின் வழக்கம். அதே சொற்களில் சொல்லச் சொன்னோம். தெர்மாமீட்டர் அலமாரிக்குத் திரும்பி வந்தது.

இரண்டாம் முடிவு: கணவன் மனைவிக்குப் பேச்சு நேரம்

"மனம் விட்டுப் பேசுங்கள்" என்ற அறிவுரையால் பயன் இல்லை. பேசத் தொடங்கினால் முடிவே இருக்காது என்ற பயம்தான் இருவரையும் தடுத்தது. எனவே பேச்சுக்குக் கரை கட்டினோம்: வாரம் இருமுறை, இருபது நிமிடம், தொடங்கும் நேரமும் முடியும் நேரமும் முன்கூட்டியே குறித்தது. முடிந்ததும் துணி மடிப்பது போல ஏதாவது சாதாரண வேலையைச் சேர்ந்து செய்ய வேண்டும். துக்கத்துக்குள் போவதும் அதிலிருந்து விலகி அன்றாட வாழ்வைப் பார்ப்பதும் மாறி மாறி நடப்பதே இயல்பு என்று 1999இல் துக்க ஆய்வாளர்கள் ஸ்ட்ரோபே, ஷுட் இருவரும் முன்வைத்த இரட்டைப் போக்கு மாதிரிதான் இதற்கு அடிப்படை. இரண்டில் ஒன்றிலேயே சிக்கிக்கொள்ளும்போதுதான் சிக்கல் வருகிறது.

முதல் வாரம் கெட்டுப்போனது. தாய் இரண்டாம் நாள் காய்ச்சலைப் பற்றிப் பேச, தந்தை "சரி விடு, இனி என்ன பண்ண முடியும்" என்றார். அவர் அதை ஆறுதலாகச் சொன்னார். தாய்க்கு வாயை மூடு என்று கேட்டது. இரண்டாம் வாரம், மருத்துவரை மாற்றச் சொன்னபோது கேட்காதது யார் என்று பழி கிளம்பியது. மூன்றாம் வாரம் இருவரும் பேசவே இல்லை.

நான்காம் வாரம் மூன்றை மாற்றினோம். எதிரெதிரே உட்கார்ந்து பேசாமல் நடந்துகொண்டே பேசுவது. முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்றதும் தந்தைக்கு வாய் வந்தது. பேச்சை இறந்த நாளில் தொடங்காமல் அவன் வாழ்ந்த ஒரு நாளில் தொடங்குவது. ஒருவர் பேசும்போது மற்றவர் ஆறுதல் சொல்லக் கூடாது, சரி செய்யக் கூடாது. "இன்னும் சொல்லு" என்ற ஒரு வாக்கியத்துக்கு மட்டுமே அனுமதி.

மகனுக்குக் கடிதம் எழுதச் சொல்லித் தந்தைக்குக் கொடுத்த பயிற்சியும் தோற்றது. மூன்று வாரமும் வெற்றுத் தாளோடு வந்தார். ஒத்துழைக்கவில்லை என்று குறிப்பில் எழுதினோம். அப்படி எழுதியது நியாயமில்லை. துக்கத்தைச் சொல்லால் வெளிப்படுத்துகிறவர்கள் உண்டு, செயலால் வெளிப்படுத்துகிறவர்கள் உண்டு. மகன் பாதியில் விட்ட மரக் கப்பல் மாதிரியைக் கொடுத்ததும் கதை மாறியது. அதை ஒட்டிக்கொண்டே, எந்தத் துண்டை அவன் தலைகீழாக ஒட்டினான், பசையை எப்படிச் சட்டையில் துடைத்தான் என்று மகளிடம் சொல்லத் தொடங்கினார். தலைகீழாக ஒட்டிய துண்டைத் திருத்தாமல் அப்படியே விட்டார்.

இருவரையும் சேர்த்துப் பார்த்த ஆறாம் சந்திப்பில் அலாரம் வெளியே வந்தது. "தினமும் நான்தானே நிறுத்துறேன்" என்றார் தந்தை. "பேரைப் பார்த்துட்டா?" என்று தாய் கேட்டார். "பார்த்துட்டுத்தான்." பதினைந்து நிமிடம் இருவரும் அழுதார்கள். ஆலோசகர் எதுவும் பேசவில்லை.

மருத்துவருடன் சந்திப்பு

பேச்சு திறந்ததும் குற்ற உணர்வு மேலே வந்தது. "முதல் நாளே கொண்டுபோயிருந்தா?" என்ற கேள்விக்கு ஆலோசகர் பதில் சொல்லக் கூடாது, சொன்னால் வெறும் ஆறுதல். பத்தாம் மாதம் தீவிர சிகிச்சைப் பிரிவு மருத்துவரிடம் நேரம் கேட்டோம். ஐந்து கேள்விகளை எழுதி முன்கூட்டியே அனுப்பினோம். அந்தப் பதற்றத்தில் பாதி மறந்துபோகும். பதில்களை ஆலோசகர் குறித்துக்கொண்டார்.

தொடக்கத்தில் இந்த நோய் காய்ச்சல், வாந்தி, வயிற்றுவலி என்று சாதாரணத் தொற்று போலவே தெரியும், இதயம் பாதிக்கப்பட்டது வெளியே தெரிவதற்குள் நிலைமை வேகமாக மோசமாகிவிடுவது உண்டு என்று விளக்கினார். முன்பே வந்திருந்தால் நிச்சயம் பிழைத்திருப்பான் என்றும் சொல்லவில்லை, எந்த வித்தியாசமும் இருந்திருக்காது என்றும் சொல்லவில்லை. "உங்களுக்குத் தெரிஞ்சதை வெச்சு நீங்க செஞ்சது சரி" என்றார். குற்ற உணர்வு அன்றோடு போய்விடவில்லை. ஆனால் "நான் கொன்னுட்டேன்" என்ற சொல் தாயின் பேச்சில் அதன்பின் வரவில்லை. "தெரிஞ்சிருந்தா" என்பது வந்தது. இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் பெரிது.

வீட்டுக்கு வெளியே

உறவினர்களுக்குப் பெற்றோர் ஒரு செய்தி அனுப்பினார்கள். தாத்தாதான் அதை எல்லோருக்கும் அனுப்ப வேண்டும் என்று கேட்டுக்கொண்டோம். விதி போட்டவரே அதை எடுப்பது அவருக்கும் மரியாதை.

"இத்தனை நாள் அவனைப் பத்திப் பேச வேண்டாம்னு நான்தான் சொல்லியிருந்தேன். இனி தாராளமா பேசுங்க. அவன் பேரைச் சொல்லுங்க. உங்களுக்கு ஞாபகம் இருக்கிற சின்ன விஷயமா இருந்தாலும் சொல்லுங்க. அவங்க அழுதா பதற வேண்டாம், நீங்க அழ வெச்சதா ஆகாது. 'இன்னொரு குழந்தை பெத்துக்கலாம்', 'எல்லாம் நல்லதுக்குத்தான்', இது ரெண்டு மட்டும் வேண்டாம்."

பாதிப்பேர் பதிலே போடவில்லை. சிலர் வருவதைக் குறைத்துக்கொண்டார்கள். அத்தை ஒருவர் மட்டும் அவன் சிரிக்கும் 11 விநாடிக் காணொளியை அனுப்பினார். பெற்றோர் அதுவரை பார்த்திராதது.

"உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?" என்ற கேள்விக்கும் தயார் செய்தோம். அலுவலகத்தில் ஒருமுறை "ஒரு பொண்ணு" என்று சொல்லிவிட்டு தாய் இரண்டு இரவு தூங்கவில்லை. மகனை மறுத்துவிட்டதாக உணர்ந்தார். முன்பின் தெரியாதவரிடம் "ரெண்டு" என்று சொல்லிப் பேச்சை மாற்றலாம். தொடர்ந்து பழகப்போகிறவரிடம் "ரெண்டு பேர், மூத்தவன் இறந்துட்டான்" எனலாம். மனம் இருந்தால் பெயரையும் சேர்க்கலாம். எதைச் சொல்வது என்பது கேட்பவரின் உரிமை அல்ல. மூன்றையும் சத்தமாகச் சொல்லிப் பழகினார்.

ஆண்டு நாளும் அதன்பின்னும்

நினைவு நாளுக்கு நான்கு வாரம் முன்பே இருவருக்கும் தூக்கம் கெட்டது. பழைய எண்ணம் திரும்பியதாகத் தாய் சொன்னார். எழுதிவைத்த திட்டத்தை மறுபடி சரிபார்த்து, சந்திப்பை வாரம் இருமுறையாக்கினோம். அந்த நாளில் யார் வரலாம், எத்தனை மணி வரை, எந்த நேரம் தனியாக இருக்க வேண்டும் என்பதை எழுதினார்கள். நாளைவிட அதற்கு முந்தைய வாரம் கடுமையாக இருந்தது. இது பலருக்கும் நேர்வது. முன்பே சொல்லிவைத்தால் பயம் குறையும்.

12ஆம் மாத அளவீட்டில் துக்கப் பட்டியல் தாய்க்கு 31, தந்தைக்கு 26. இறங்கிக்கொண்டிருந்ததால் சிறப்புச் சிகிச்சைக்கு அனுப்பாமல் தொடர்ந்தோம். 16ஆம் மாதம் 23, 21. பிஹெச்க்யூ-9இல் 8, 6. தாய் வேலைக்குத் திரும்பிவிட்டார். தங்கை காய்ச்சல் வந்தால் தானே தெர்மாமீட்டரை எடுத்து வருகிறாள். தந்தையால் இன்னும் பள்ளி விழாக்களுக்குப் போக முடியவில்லை. அலாரத்தை அழிக்கவில்லை. அடித்ததும் இருவரும் கண் திறக்கிறார்கள்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

தனித்தனிச் சந்திப்பு முதலில், குடும்பமாக அதன்பின். இறந்த குழந்தையின் பெயரை முதல் ஐந்து நிமிடத்தில் ஆலோசகரே சொல்ல வேண்டும். மருத்துவர் சந்திப்பைப் பத்தாம் மாதம்வரை தள்ளியிருக்கக் கூடாது. பழிப் பேச்சு கிளம்பிய இரண்டாம் வாரமே நேரம் கேட்டிருக்கலாம். ஆண்டு நாளுக்கான தயாரிப்பை நான்கு வாரத்துக்குப் பதில் எட்டு வாரம் முன்பே தொடங்குவது நல்லது. தாத்தாவின் துக்கத்தை நாங்கள் தனியாகக் கேட்கவே இல்லை. விதி போட்டவராகவும் செய்தி அனுப்பியவராகவும் மட்டுமே அவரைப் பார்த்தோம். அவரும் பேரனை இழந்தவர். இந்த ஆய்வின் பெரிய குறை அது.

கோப்பை மூடவில்லை. தங்கை 9 வயதைத் தாண்டி, அண்ணனைவிட மூத்தவளாகும் மாதத்தில் வீட்டில் எல்லோருக்கும் துக்கம் புதிதாக எழலாம். அந்தத் தேதியைக் குறித்து, அதற்கு இரண்டு மாதம் முன்பு அழைப்பதாகச் சொல்லியிருக்கிறோம். ஷூவைத் தாய் துடைத்து, தங்கையின் செருப்புக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்.